கிளைக்கும் கிளைக்கும் இடையே

ராஜபாளையத்திலிருந்தோ ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தோ மேற்கே எந்தச் சாலையைப் பிடித்தாலும் அது மலையடியில்தான் போய் முடியும். ராஜபாளையத்துக்கு அய்யனார் கோயில் சாலை, சேத்தூருக்குச் சாஸ்தா கோயில், ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் செண்பகத்தோப்பு, வத்திராயிருப்புக்குத் தாணிப்பாறை. ஊர் முடிந்ததும் தென்னந்தோப்பு வரும். அது முடிந்தால் மாந்தோப்பு. அதன் மேற்கு வேலியைத் தாண்டினால் காடு. தோப்புக்காரரின் மாமரமும் காட்டு நாவலும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று கிளை கோத்திருக்கும் இடங்கள் இங்கே நிறைய உண்டு. வரைபடத்தில் காட்டுக்கும் பட்டாவுக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. மரத்தின் மேலே அந்தக் கோடு கிடையாது.

நான் சர்வே படித்தவன். சங்கிலி, தியோடலைட் காலத்தில் தொடங்கி, ஜி.பி.எஸ். கருவி கைக்கு வந்த காலம் வரை கிராமச் சாலை, தோப்பு எல்லை, வாய்க்கால் கரை என்று அளந்து வந்தேன். நடைபாதைக்கும் சைக்கிள் பாதைக்கும் வழி பார்த்துக் கொடுக்கும் வேலை பிற்பாடு வந்து சேர்ந்தது. மில் ஷிப்டு முடித்து வருகிறவர்கள், டாக்டர்கள், வாத்தியார்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று காலையில் சைக்கிள் எடுக்கிற கூட்டம் இரண்டு ஊரிலும் பெருகிவிட்டது. திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலையில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே அவர்கள் எங்கே ஓட்டுவார்கள்? மேற்கே திரும்புகிறார்கள். நிழல் இருக்கிறது, நல்ல காற்று இருக்கிறது, எதிரே மலை நிற்கிறது. அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மலையை மிதித்தும் நடந்தும் அறிந்த ஊர்தான் அந்த மலைக்கு ஒன்று என்றால் வாய் திறக்கும். ஆனால் அவர்களுக்குக் கோடு இழுக்கும் முன்னால், அங்கே ஏற்கெனவே யார் வழி இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

முதல் வழி அணிலுடையது. செண்பகத்தோப்பு மலைகளில் உள்ள சாம்பல் நிற மலையணிலுக்காகத்தான் 1988இல் இங்கே சரணாலயம் அறிவித்தார்கள். உலகத்தில் இந்த அணில் இலங்கையிலும், தமிழகத்தில் நம் மலை போன்ற சில இடங்களிலும், தமிழக–கர்நாடகக் காவிரிக் காட்டிலும், கேரளத்தில் சின்னாறிலும்தான் இருக்கிறது. யுனெஸ்கோ 2012இல் மேற்குத் தொடர்ச்சி மலையை உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தபோது பட்டியலில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் காடும் இருந்தது. 2021 பிப்ரவரியில் மேகமலையையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. நாட்டில் 51ஆவது, தமிழகத்தில் ஐந்தாவது, பரப்பு சுமார் 1,016 சதுர கிலோமீட்டர். மேற்கே அது கேரளத்தின் பெரியாறு காப்பகத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. இவ்வளவு பெரிய பேர்களுக்கெல்லாம் ஆதியில் காரணமாக இருந்த அந்த அணில், வாலோடு சேர்த்தால் இரண்டு அடிக்குக் கொஞ்சம் கூட இருக்கும்.

அது தரைக்கு வருவது அபூர்வம். பிறந்து, தின்று, கூடு கட்டி, குட்டி போட்டு, சாகிற வரைக்கும் மரத்து மேலேயே இருக்கும். ஓர் அணில் புழங்கும் இடம் அரை ஏக்கரிலிருந்து ஒன்றரை ஏக்கர் வரைதான் என்று இங்கே நடந்த ஆய்வில் கண்டிருக்கிறார்கள். அந்த ஒன்றரை ஏக்கருக்குள் அதற்குப் புளி வேண்டும், மா வேண்டும், நாவல் வேண்டும். பட்டை உரிக்க, கொழுந்து கடிக்க ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு மரம் வேண்டும். கூட்டைக்கூட அது தனித்து நிற்கிற மரத்தில் கட்டாது. நாலு பக்கமும் கிளை தொடுகிற மரமாகப் பார்த்துத்தான் கட்டும். கழுகு வந்தால் எந்தப் பக்கமும் ஓட வழி இருக்க வேண்டுமே. இப்படிப்பட்ட ஒன்றரை ஏக்கரின் நடுவே நாலு மீட்டர் அகலத்துக்குப் பாதை வெட்டினால் நமக்கு அது ஒற்றையடிப் பாதையை விடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். அணிலுக்கு அது ஊரை இரண்டாகப் பிளந்த மாதிரி.

அதனால் நான் பாதையின் அகலத்தைத் தரையில் அளப்பதை நிறுத்தினேன். சர்வேயில் இது எங்கும் சொல்லிக் கொடுக்காத வேலை. ஒருவர் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்து, கிளை நுனிக்கு நேர் கீழே ஒரு கல்லை வைப்பார். சந்தேகம் இருந்தால் நீளக் கம்பில் தூக்குக்குண்டு கட்டிப் பார்ப்போம். மரத்தைச் சுற்றி எட்டுத் திசையிலும் கல் வைத்தால் அந்த மரத்தின் குடை தரையில் விழுந்துவிடும். அடுத்த மரம், அதற்கு அடுத்தது என்று போனால் ஓடைக்கரை முழுக்க எந்தக் குடை எதைத் தொடுகிறது, எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று தாளில் வந்துவிடும். தொடுகிற இடத்தையெல்லாம் சிவப்பில் குறிப்பேன். சிவப்புக் குறி விழுந்த மரத்தின் ஒரு கொப்பைக்கூட வெட்டக் கூடாது, காய்ந்த கொப்பானாலும் சரி. பாதை அதற்குக் கீழே குனிந்து போகட்டும், இல்லை வளைந்து போகட்டும்.

சைக்கிள்காரருக்குத் தலைக்கு மேலே இரண்டரை மீட்டர் இருந்தால் தாராளம். அதற்கு மேலே வானம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. பாதை அமைப்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: கீழே குகை மாதிரி விடுங்கள், மேலே மூடியே இருக்கட்டும். நிழலும் நமக்கே லாபம்.

ஆனால் பாதை எவ்வளவு அகலம் என்பதைப் பல இடங்களில் நடப்பவரும் முடிவு செய்வதில்லை, மிதிப்பவரும் முடிவு செய்வதில்லை. ஜே.சி.பி. முடிவு செய்கிறது. இரண்டு பேர் பேசிக்கொண்டு நடக்க ஒன்றரை மீட்டர் போதும் என்று எழுதிக் கொடுத்தாலும், இயந்திரம் உள்ளே போக மூன்று மீட்டர் வேண்டும், திரும்ப இன்னும் கொஞ்சம் வேண்டும், மண் கொட்டும் டிப்பருக்கு வேறு இடம் வேண்டும். வேலை முடிந்து இயந்திரம் போய்விடும், இடைவெளி போகாது. ஆகவே காட்டோரம் இருக்கிற எந்தத் துண்டுக்கும் மண்வெட்டி, கடப்பாரை வேலை மட்டும் என்பதை மதிப்பீட்டிலேயே எழுதச் சொல்வேன். கூலி கூடும் என்பார்கள். நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் ஒரு ஓடைக்கரைப் பாதையைக் கையாலேயே இழைத்துக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு வேரைக்கூட அறுக்காமல் மண்ணை அணைத்து வைத்திருந்தார்கள். அந்த நேர்த்தி எந்த இயந்திரத்துக்கும் வராது.

குடை அளக்கும் வேலைக்கு எனக்கு ஆசான் என்று சொல்ல வேண்டுமானால் ஒரு பளியர் பெரியவரைத்தான் சொல்வேன். செண்பகத்தோப்பு, அய்யனார் கோயில், தாணிப்பாறை என்று மலையடிவாரம் முழுக்கப் பளியர் குடியிருப்புகள் இருக்கின்றன. தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த சனங்கள். அவர் என் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, நீங்க நடக்குற தடத்தை மட்டும்தான் போட்டிருக்கீங்க. மேல போறது, ராத்திரி போறது, மழைக்கு மட்டும் போறது எல்லாம் எங்கிட்டு?" என்று கேட்டார். அன்றைக்கே கூட வந்து, கரடி எந்தப் பாறை இடுக்கிலிருந்து இறங்கும், மிளா எந்த மடுவில் தண்ணீர் குடிக்கும், எந்தப் புளிய மரத்தில் அணில் கூடு மூன்று இருக்கிறது என்று காட்டினார். அதற்குப் பிறகு என் தாளில் மூன்று நிறம் வந்துவிட்டது. 2006ஆம் வருட வன உரிமைச் சட்டம் காட்டின் மேல் இந்த மக்களுக்கும் அவர்களின் கிராம சபைக்கும் உரிமை தருகிறது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், அவர்களைக் கேட்காமல் போடுகிற வரைபடம் பாதி வெள்ளைத் தாள்தான்.

அடுத்தது நேரம். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. பாதை எங்கே போகிறது என்று வாரக்கணக்கில் விவாதம் நடக்கும், எத்தனை மணிக்குத் திறக்கிறது என்பதைக் கடைசியில் பலகையில் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். வாக்கிங் போகிறவருக்குக் காலை ஐந்து மணி பிடிக்கும். யானைக்கும் அதுதான் நேரம். மாங்காய்ப் பருவத்தில் ராத்திரி தோப்புக்குள் இறங்கிய யானை, வெயில் வரும் முன்னே ஓடை வழியாகக் காட்டுக்குத் திரும்புகிறது. காட்டெருமை, கரடி எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய அதே கணக்கு. நடக்கிறவர்களாவது பேசிக்கொண்டு போவார்கள், செருப்புச் சத்தம் இருக்கும், விலங்கு முன்கூட்டியே கேட்டு விலகிக்கொள்ளும். நல்ல கியர் சைக்கிளுக்குச் சத்தமே கிடையாது. இறக்கத்தில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வளைவு திரும்புகிறவருக்கும் எதிரே நிற்கிற கரடிக்கும் நடுவில் ஒருவரையொருவர் உணர நேரம் இருக்காது. வெளிநாட்டு மலைக்காடுகளில் சைக்கிள்காரர்கள் கரடியிடம் மாட்டிக்கொண்ட சம்பவங்களுக்கும் காரணம் இதுதான்: வேகமும் மௌனமும். அதனால் தோப்பு வரிசைக்கு மேற்கே சைக்கிள் வேண்டாம் என்கிறேன். அங்கிருந்து நடை. அதுவும் வெயில் நன்றாக ஏறிய பிறகு, சாயங்காலம் நாலரை மணிக்குள் வெளியே வந்துவிடுகிற மாதிரி. சோலார் விளக்கு வைத்துத் தருகிறோம் என்று நல்ல மனசோடு வருகிறவர்களிடம் கை கூப்பி வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. இருட்டுதான் அந்தப் பக்கத்து வேலி.

மனிதர் நடக்கும் பாதை காட்டை என்ன செய்யும், காடு மனிதரை என்ன செய்யும் என்பதற்கு நம் கண்ணெதிரே பெரிய பாடம் சதுரகிரி. சுந்தரமகாலிங்கத்தைக் காணத் தாணிப்பாறையிலிருந்து ஏறுகிற அந்தத் தடம் எந்தப் பொறியாளரும் போட்டதில்லை. நூற்றாண்டுகளாகக் கால்கள் போட்டது. ஓடைகளைக் குறுக்கே கடந்து கடந்து போகும். 2015 மே மாதம் அமாவாசைக்கு வந்த பக்தர்கள் மலையில் இருந்தபோது திடீர் மழையில் ஓடைகள் பொங்கி, உயிர்கள் போயின. அதற்குப் பிறகு பல வருடங்கள் அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷத்தை ஒட்டிய நாள்களில் மட்டும், பகலில் குறித்த நேரத்துக்குள் ஏறினால்தான் உண்டு, மழை மிரட்டினால் அதுவும் இல்லை என்று நடைமுறை வந்தது. முணுமுணுத்தவர்கள் நிறையப் பேர். எனக்கோ அந்த ஏற்பாடு பாதை அமைப்பின் ஒரு பகுதியாகவே தெரிந்தது. மாதத்தில் சில நாள் கூட்டமும், மிச்ச நாள் அமைதியும் என்றால் விலங்குகள் அதைக் கற்றுக்கொள்கின்றன. நாள் முழுக்க, வருஷம் முழுக்க ஆள் இருந்துகொண்டே இருந்தால் அந்த இடத்தையே விட்டுப் போய்விடுகின்றன. ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கில் சனம் ஏறுகிற மலையில், திருவிழா முடிந்து சில நாளில் மிளாவின் குளம்படி பாதை மேலேயே கிடக்கும்.

தேனி மாவட்டத்துக் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் மலையேறிகள் கருகினார்கள். அந்தச் சோகத்துக்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்றே அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 வழித்தடங்களைத் திறந்தது. நம் விருதுநகர் மாவட்டமும் அதில் இருக்கிறது. முன்பதிவு, ஆள் கணக்கு, கூட வர உள்ளூர் வழிகாட்டி, தீக்காலத்தில் மூடல் என்ற அந்த வடிவம் எனக்குப் பிடித்தது. குறிப்பாக வழிகாட்டியாக மலைவாழ் இளைஞர்கள் சம்பளம் வாங்குவது. மேலே எத்தனை பலகை வைத்தாலும் ஒரு பளியர் இளைஞன் "இன்னைக்கு இந்தப் பக்கம் வேண்டாம்ணே" என்று சொல்வதற்கு ஈடாகாது.

தண்ணீர் பற்றியும் ஒரு வார்த்தை. நமக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகை. சித்திரை வெயிலில் கோடு பார்த்தால் எல்லா இடமும் பாதைக்கு ஏற்ற இடமாகத்தான் தெரியும். கார்த்திகை மழையில் குடையோடு அதே கோட்டில் நடந்து பார்த்தால் பாதி இடம் ஓடை. சரிவை நேராகக் கிழித்து இறங்குகிற பாதை அடுத்த வருஷமே வாய்க்காலாகிவிடும். சரிவுக்குக் குறுக்கே, சரிவின் பாதிக்குக் குறைவான ஏற்றத்தில், வெளிப்புறம் லேசாகச் சாய்த்துப் போட்டால் தண்ணீர் பாதையில் ஓடாமல் தாண்டிப் போய்விடும். அய்யனார் கோயில் பக்கம் ஒவ்வொரு பிடி மண்ணும் அடித்துக்கொண்டு போவது ஆற்றுக்குத்தான். ராஜபாளையம் குடிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு அங்கே ஆறாவது மைல் தேக்கத்தில் நிற்கிறது. பேவர் பிளாக் பதித்தால் அழகாக இருக்குமே என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். கிராவலும் அப்படித்தான். கண்மாயில் அள்ளிய மண்ணைக் காட்டோரம் கொட்டினால் அதற்குள் சீமைக்கருவேல விதையும் பார்த்தீனியமும் இலவசமாக வரும். அந்தந்த இடத்து மண்ணே அந்தந்தப் பாதைக்கு.

இப்போது பெரிய சண்டைக்கு வருகிறேன். இரண்டு ஊர் சைக்கிள் நண்பர்களுக்கும் ரொம்ப நாளாக ஒரு கனவு. அய்யனார் கோயிலையும் செண்பகத்தோப்பையும் அடிவாரத்தை ஒட்டியே ஒரு பாதையால் இணைத்துவிட்டால், ஊரிலிருந்து கிளம்பி மலையை உரசிக்கொண்டு போய், அடுத்த ஊர் வழியாகத் திரும்பலாம். படத்தில் பார்த்தால் மனசை இழுக்கிற கோடுதான் அது. நான் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, இனியும் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்த மலையிலிருந்து இறங்குகிற ஓடைகள் எல்லாம் மேற்கிலிருந்து கிழக்கே வருகின்றன. யானை, மிளா, பன்றி, அணில் எல்லாம் அந்த ஓடைக்கரை மரங்களைப் பிடித்துக்கொண்டுதான் வரும், போகும். கோயிலுக்குப் போகிற பழைய சாலைகளும் மேற்கே பார்த்துத்தான் போகின்றன. அவை ஓடையோடு சேர்ந்து போகும், நடுவே காடு முழுசாகக் கிடக்கும். அடிவாரத்தை ஒட்டி வடக்கு தெற்காக ஒரு பாதை போட்டால் அது ஒவ்வொரு ஓடையையும் வெட்டும். ஒன்றுவிடாமல் வெட்டும். எல்லா விலங்கும் தோப்புக்கும் காட்டுக்கும் நடுவில் அதைத் தாண்டியாக வேண்டும். ஒரு மீட்டர் அகலமாகவே இருந்தாலும், ஒரு கிளைகூட வெட்டாவிட்டாலும், அதில் காலை முதல் மாலை வரை ஆள் இருந்தால் அது வேலிதான்.

"மேலே பாலம் கட்டிக்கொள்ளலாமே அண்ணாச்சி" என்று ஒரு தம்பி கேட்டார். படித்துவிட்டுத்தான் கேட்டார். நெதர்லாந்தில் ஹில்வர்சம் பக்கத்தில் 800 மீட்டர் நீளத்துக்கு விலங்குப் பாலம் கட்டி, அதிலேயே சைக்கிளுக்கும் ஓரமாக வழி விட்டிருக்கிறார்கள். நம் வால்பாறையில் புதுத்தோட்டச் சாலைக்கு மேலே சிங்கவால் குரங்குகள் கடக்கக் கிளைக்குக் கிளை பாலம் கட்டியிருக்கிறார்கள், குரங்குகளும் பழகிக்கொண்டன. அவர்களை நான் மதிக்கிறேன். ரயிலும் சாலையும் தேயிலையும் ஏற்கெனவே வெட்டிப்போட்ட இடத்தில் அறுந்ததை முடிச்சுப் போடுகிற வேலை அது. நம் அடிவாரத்தில் இன்னும் அறுக்கவில்லை. அறுத்துவிட்டு முடிச்சுப் போடுவதற்காக ஒரு திட்டம் எதற்கு?

சட்டப்படியும் அந்தக் கோடு எளிதில் நடக்காது. வனநிலம் என்றால் 1980ஆம் வருடச் சட்டப்படி மத்திய அரசின் அனுமதி, புலிகள் காப்பகம் என்றால் அதற்கும் மேலே. ஆனால் பட்டாத் தோப்புகள் வழியாகச் சுற்றிக் கொண்டுபோனால் தடுக்க யாரும் இல்லை என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. அதனால்தான் சட்டத்தைச் சொல்லி வாதாடாமல், குடைப் படத்தைத் தரையில் விரித்து வைத்து வாதாடினேன். சிவப்புக் குறிகளில் பாதிக்கு மேல் பட்டா நிலத்தில் இருந்தன. தங்கள் மாமரம் அணில் பாலம் என்று தெரிந்ததும் முதலில் மாறியவர்கள் தோப்புக்காரர்கள். யானையால் நஷ்டப்படுகிறவர்கள் அவர்கள், இன்னொரு பாதையால் இன்னும் ஆள் நடமாட்டம் வந்து யானை மிரண்டு திரிவதை அவர்களும் விரும்பவில்லை.

மாற்று இல்லாமல் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வர எனக்கு மனசு வராது. வளையம் வேண்டுமா, கிழக்கே தள்ளிப் போடுங்கள். இரண்டு ஊருக்கும் நடுவே நெடுஞ்சாலையில் 12 கிலோமீட்டர் அளவு தூரம். அதற்கு இணையாக வண்டிப் பாதைகள், வாய்க்கால் கரைகள், கண்மாய்க் கரைகள் என்று ஏற்கெனவே மனிதன் புழங்குகிற கோடுகள் எத்தனையோ கிடக்கின்றன. அவற்றைத் தொடுத்தால் சைக்கிளுக்கு அருமையான பாதை. கரையில் ஏறினால் மேற்கே மலை முழுசாகத் தெரியும், அடிவாரத்தில் நின்றால் அப்படித் தெரியாது. அந்த வளையத்திலிருந்து மேற்கே பழைய கோயில் சாலைகளே போதும், புதிதாக ஒன்றும் வேண்டாம். தோப்பு வரிசையில் சைக்கிளை நிறுத்திவிட்டு நடக்க வேண்டியதுதான்.

கண்மாய்க் கரை என்றதும் எல்லோரும் கரையின் உச்சியில் பாதை போடத்தான் நினைக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியகுளம் மாதிரி ஒரு நீர்நிலையில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் உச்சியில் நடக்கிறவர் வானத்துக்கு எதிரே நிழலாகத் தெரிவார். நாரையும் நீர்க்காகமும் எழுந்துவிடும், ஒரு தடவை எழுந்தால் இரை எடுக்கிற நேரம் போய்விடும். கரையின் ஊர்ப்பக்கச் சரிவில், உச்சிக்கு ஓராள் உயரம் கீழே பாதை போட்டால் அவை நம்மைப் பார்க்காது. மடை இருக்கிற இடத்தில் மட்டும் ஏறி நின்று பார்க்க ஒரு திட்டு. கண்மாய்க்குள் நிற்கிற நாட்டுக் கருவேல மரங்களில் கூடு இருந்தால் அந்தத் துண்டு குஞ்சு பறக்கும் வரை மூடியிருக்கும், சைக்கிள் கீழே வயல் வழியாகச் சுற்றிப் போகும். எந்த மாதம் மூடுவது என்று வருஷா வருஷம் மழையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அதற்கு நீர்ப்பாசனம் பார்க்கிற விவசாயி, பறவை பார்க்கிற பள்ளிப் பிள்ளைகள், சைக்கிள்காரர் மூன்று தரப்பும் உட்கார்ந்து பேசும் ஒரு குழு வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். சைக்கிள் நண்பர்கள் சரி என்றுவிட்டார்கள். விவசாயிகள் மடைச்சாவி தங்களிடமே இருக்க வேண்டும் என்கிறார்கள். அது நியாயம்தான். பாதைக் கதவின் சாவியும் அவர்களிடமே இருக்கட்டும் என்று இந்த வடகிழக்கு மழைக்கு முன்னால் எழுதிக் கொடுக்கப்போகிறேன்.